மாடியில் ஷீட் போடப் போகிறீர்களா? முதலில் தராசைத் தேடுங்கள்!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்து பாருங்கள். ஒரு பக்கம் கம்பெனிகளின் பெரிய பெரிய கூரைகள். இன்னொரு பக்கம் வீடுகள். அந்த வீடுகளின் மாடியில் நீலம், பச்சை, செங்கல் சிவப்பு என்று வரிசையாக ஷீட் கூரைகள். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் இந்தப் பக்கம் மாடி என்றால் வடகம் காயப் போடும் இடம். இன்றைக்கு அது துணி காயும் இடம், தண்ணீர் டேங்க் இருக்கும் இடம், குடியிருக்கும் பிள்ளைகள் ஷிஃப்ட் முடிந்து வந்து காற்றாட உட்காரும் இடம்.

எல்லாம் கம்பெனிகள் வந்த பிறகு நடந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஓட ஆரம்பித்தது. 2006-ல் செல்போன் கம்பெனி. 2010-ல் ஒரகடத்தில் இன்னொரு கார் கம்பெனி. பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று ஒவ்வொன்றாக வந்தன. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குத் தங்க இடம் வேண்டுமே? வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெரிய குடியிருப்பை அரசு 2024 ஆகஸ்டில் திறந்தது. அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, ஊருக்குள் இருக்கும் எங்களைப் போன்றவர்களின் மாடி வீடுகளும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கூரையாக இருக்கின்றன.

எங்கள் வீட்டு மாடியிலும் ஆறு பெண்கள் குடியிருக்கிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களுடைய அறைகளுக்கு மேலே மொட்டைமாடி. கோடையில் தளம் கொதித்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சுவர் சுடும். ஐப்பசி வந்தால் ஓரத்தில் நீர் கசியும். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுக் காலையில் வந்து படுக்கும் பிள்ளைகள் தூங்க முடியாமல் தவிப்பதைப் பார்த்துத்தான், சீட்டு எடுத்த பணத்தில் மொட்டைமாடிக்கு ஷீட் போடலாம் என்று முடிவு செய்தோம்.

30 அடிக்கு 20 அடி. 600 சதுர அடி. சதுர அடிக்கு 250 ரூபாய் என்று பேசி ஒன்றரை லட்சம். எங்கள் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

கூரை ஏன் பறக்கிறது?

கான்ட்ராக்டரிடம் பேசுவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுத்த இன்ஜினீயரைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்ட கேள்வி: “ஷீட் எதுக்கும்மா? வெயிலுக்கா, மழைக்கா?”

“ரெண்டுக்கும்தான் சார்.”

“ரெண்டுக்கும் எந்த ஷீட்டும் தாங்கும். காத்துக்குத் தாங்குமான்னு பாருங்க.”

அப்போதுதான் அவர் ஒரு கணக்குச் சொன்னார். காற்று அடிக்கும்போது கூரைக்கு மேலே உறிஞ்சுகிற மாதிரியும், கீழே தள்ளுகிற மாதிரியும் ஒரு விசை வரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிற காற்று, ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 47 கிலோ அழுத்தம் கொடுக்கும். எங்கள் 600 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை டன்னுக்கு மேல். கூரையின் சாய்வு, உயரம், பக்கங்கள் திறந்திருக்கின்றனவா மூடியிருக்கின்றனவா என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால், மேலே போடுகிற ஷீட் முழுவதும் சேர்ந்தே 300 கிலோதான். அதாவது, கூரை தன் எடையால் நிற்பதில்லை. பைப், போல்ட், ஸ்க்ரூ இவை மூன்றும் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் நிற்கிறது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்றும் சொன்னார். கட்டடங்களுக்கான இந்திய தர நிர்ணயத்தில் சென்னைக்கு எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர்! “அவ்வளவு காத்து நம்ம பக்கம் எங்கே சார் அடிக்கப் போகுது?” என்று யாரும் கேட்க மாட்டார்கள். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயலை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். அன்றைக்கு மாடி ஷீட்டுகள் காகிதம் மாதிரி மடங்கிப் போனதை இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள்.

எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் வீடு. அதில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். முன்பக்கம் கரன்ட் கம்பி. எங்கள் ஷீட் பிய்த்துக்கொண்டு போனால் எங்கே விழும் என்று யோசித்தாலே எனக்குத் தூக்கம் வராது. பணம் போனால் மறுபடி சீட்டுக் கட்டலாம்.

பேசியதை எழுதுங்கள்

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கான்ட்ராக்டர் டேப்பைப் பிடித்து அளப்பார். செல்போனில் கணக்குப் போடுவார். “ஃபர்ஸ்ட் குவாலிட்டி போட்டுடறேன்க்கா” என்பார். நாம் காபி கொடுத்து அட்வான்ஸும் கொடுப்போம். முடிந்தது ஒப்பந்தம்.

“ஃபர்ஸ்ட் குவாலிட்டி” என்பதற்கு அளவு எதுவும் கிடையாது. அதனால் நாங்கள் இன்ஜினீயர் போட்டுக் கொடுத்த படத்தையும், ஒரு பக்கத்துக்கு விவரங்களையும் எழுதி, கான்ட்ராக்டரிடம் கையெழுத்து வாங்கினோம். அவர் முப்பத்தைந்து வயதுத் தம்பி. “என்னக்கா, ரயில்வே டெண்டர் மாதிரி இருக்கே!” என்று சிரித்தார். ஆனால், கையெழுத்துப் போட்டார்.

அதில் என்ன எழுதினோம் என்பதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு அளவுகள் மாறலாம், தலைப்புகள் மாறாது.

ஷீட்: கம்பெனி பெயர், நிறம், நீளம், எண்ணிக்கை. 20 அடி நீளத்தில் 10 ஷீட். கனம் 0.50 மில்லிமீட்டர். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெயின்ட், பூச்சு எல்லாம் சேர்த்த மொத்தக் கனமா, உள்ளே இருக்கும் வெறும் இரும்பின் கனமா? மொத்தம் 0.50 என்றால் இரும்பு சுமார் 0.45 இருக்கும். இரண்டில் எது என்று எழுதாவிட்டால் பிறகு வாக்குவாதம்தான். நாங்கள் “மொத்தக் கனம் 0.50” என்று எழுதினோம். அலுமினியம்–துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு 150 கிராம் என்பதையும் சேர்த்தோம். துருப் பிடிக்காமல் காப்பது அந்தப் பூச்சுதான்.

பைப்: தூண் 3 அங்குலச் சதுரம், குறுக்குச் சட்டமான பர்லின் 2 அங்குலச் சதுரம், கனம் 2 மில்லிமீட்டர். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது.

இடைவெளி: பர்லினுக்குப் பர்லின் 4 அடி. 20 அடிச் சரிவில் மொத்தம் 6 வரிசை. சரிவு 2 அடி. அதாவது, ஒரு பக்கம் 10 அடி உயரம், மறுபக்கம் 8 அடி.

தூண் நிற்கும் இடம்: கீழே பீமும் தூணும் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே. வெறும் தளத்தின் நடுவில் துளை போடக் கூடாது. ஒவ்வொரு தூணுக்கும் அடித்தகடு, நான்கு ஆங்கர் போல்ட்.

ஸ்க்ரூ: தானே துளையிட்டு இறங்கும் ஸ்க்ரூ, ஈ.பி.டி.எம். ரப்பர் வாஷரோடு. தண்ணீர் ஓடும் பள்ளத்தில் இல்லாமல் மேட்டில் திருக வேண்டும். நான்கு ஓரங்களிலும் எல்லா மேட்டிலும், நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு. காற்று முதலில் பிய்ப்பது ஓரங்களையும் மூலைகளையும்தான்.

பணம்: அட்வான்ஸ் 30 சதவிகிதம். பொருள் வந்து இறங்கி, சரிபார்த்த பிறகு 40 சதவிகிதம். வேலை முடிந்ததும் 20. மீதி 10 சதவிகிதம் ஒரு நல்ல மழை பெய்து ஒழுகவில்லை என்று தெரிந்த பிறகு.

இந்த “சரிபார்த்த பிறகு” என்ற இரண்டு வார்த்தைகள்தான் எங்களைக் காப்பாற்றின.

பழைய இரும்புக் கடைத் தராசு

ஒரு காலை குட்டியானையில் பொருள் வந்து இறங்கியது. பார்க்க எல்லாம் பளபளவென்று இருந்தது. மாடியில் குடியிருக்கும் ஒரு பெண் அன்றைக்கு செகண்ட் ஷிஃப்ட். உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், உள்ளே வரும் பொருட்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை. இறங்கி வந்து ஷீட்டைத் தடவிப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, இதை அளந்துட்டீங்களா?”

“நீளமெல்லாம் சரியா இருக்கும்மா.”

“நீளம் இல்ல ஆன்ட்டி, கனம். எங்க கம்பெனியில ஒரு போல்ட் வந்தாலும் அளக்காம லைனுக்கு விட மாட்டோம். சரியில்லேன்னா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியா வெச்சிடுவோம்.”

அவள் யோசனையில்தான் ஒரு டிஜிட்டல் மைக்ரோமீட்டரை ஆன்லைனில் வரவழைத்து வைத்திருந்தோம். வெட்டிய விளிம்பில் பிசிறு இருக்கும் என்பதால், கொஞ்சம் உள்தள்ளி, தட்டையான இடத்தில் வைத்து அளந்தாள். மூன்று ஷீட்டில், ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில். 0.41. 0.40. 0.41. ஒன்றுகூட 0.50-க்குப் பக்கத்தில் வரவில்லை.

சின்னக் கருவியை மட்டும் நம்பி ஒருவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எடை போட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இரும்புக்கு ஒரு நல்ல குணம். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர மீட்டர் இரும்பு 7.85 கிலோ. உலகத்தில் எங்கே எடை போட்டாலும் அதே கணக்கு. இந்த ஷீட்டுகள் 1,220 மில்லிமீட்டர் அகலமுள்ள தகட்டை மடித்துச் செய்தவை. அப்படியானால் 0.50 கனத்தில் 20 அடி ஷீட் ஒன்று 28 கிலோவை ஒட்டி வர வேண்டும். 0.40 என்றால் 22 கிலோதான். பைப்பும் அப்படியே. 2 அங்குலச் சதுர பைப் 2 மில்லிமீட்டர் கனத்தில் 20 அடிக்குச் சுமார் 18 கிலோ. 1.6 மில்லிமீட்டர் என்றால் 14 சொச்சம்.

தெருமுனையில் பழைய இரும்புக் கடை அண்ணன் இருக்கிறார். அவரிடம் ஒரு ஷீட்டையும் ஒரு பைப்பையும் எடுத்துப் போனோம். தராசில் வைத்தார். ஷீட் 22 கிலோ. பைப் 14 கிலோ 400.

“ரெண்டு எம்.எம்.னா சொன்னாங்க? இது ஒண்ணு புள்ளி ஆறும்மா. நான் தினம் இதைத்தானே எடை போடறேன்” என்றார். நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே!

“எல்லாரும் இதைத்தான் போடறாங்க”

கான்ட்ராக்டர் தம்பியை வரச் சொன்னோம். என் வீட்டுக்காரரும் ஷிஃப்ட் முடிந்து வந்துவிட்டார். சத்தம் போடக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். கையெழுத்துப் போட்ட தாள், மைக்ரோமீட்டர் அளவுகள், தராசில் வைத்து எடுத்த போட்டோ மூன்றையும் மேஜையில் வைத்தேன்.

“அக்கா, எல்லாரும் இதைத்தான் போடறாங்க. 0.50-ன்னு சொல்றது ஒரு பேச்சு வழக்கு.”

“சரி தம்பி. அப்ப ஒன்றரை லட்சம்ங்கறதும் பேச்சு வழக்குதானா?”

அவர் சிரித்துவிட்டார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம்தான் உண்மையைச் சொன்னார். ரேட் பேசியபோது இருந்த இரும்பு விலை வேறு, வாங்கப் போனபோது வேறு. அதைச் சொன்னால் வேலை கை மாறிப் போய்விடும் என்ற பயம். எங்கள் பக்கம் இந்த வேலைக்குப் போட்டி அதிகம். சதுர அடிக்கு ஐந்து ரூபாய் குறைத்துச் சொல்கிறவருக்கே வேலை போகும். அந்த ஐந்து ரூபாயைத் தருவது கான்ட்ராக்டரின் கை இல்லை, ஷீட்டின் கனம்.

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனால், இறங்கிய கோபத்துக்காக இறங்கிய கனத்தை ஏற்க முடியுமா? “தம்பி, விலை ஏறிடுச்சுன்னா எங்கிட்ட வந்து சொல்லுங்க. பேசிக்கலாம். பொருளைக் குறைக்காதீங்க. மேல ஆறு பிள்ளைங்க இருக்கு, பக்கத்துல கைக்குழந்தை இருக்கு” என்றேன்.

கடைசியில் இப்படி முடிவானது. ஷீட்டும் பைப்பும் எழுதியபடி மாற்றித் தர வேண்டும். போக வர வண்டி வாடகை எங்களுடையது. கடை பில்லின் நகல் எங்களுக்கு வேண்டும். அதில் கனமும் எடையும் இருக்க வேண்டும். நான்கு நாள் தாமதம். மாற்றி வந்த ஷீட் ஒன்று தராசில் 27 கிலோ 700 காட்டியது. பைப் 17 கிலோ 800. இரும்புக் கடை அண்ணன் கட்டை விரலை உயர்த்தினார். அன்றைக்குத்தான் 40 சதவிகிதப் பணத்தைக் கொடுத்தோம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பக்கத்தில் சி.எம்./எல். என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால், அந்த உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று காட்டிவிடும். இலவசம். செல்போன் கையில் இருக்கும் எல்லோரும் செய்யலாம்.

படம் யார் கையில் இருக்கிறது?

பொருள் சரியாக வந்தால் வேலை சரியாக நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வெல்டிங் வேலைக்கு வந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் ஒடிசாக்காரப் பிள்ளைகள். முதல் நாள் மத்தியானம் டீ கொண்டுபோன நான், சாக்பீஸ் கோடுகளை எண்ணினேன். ஆறு வரிசை இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. இடைவெளி 5 அடி.

கேட்டால், “எல்லா சைட்லயும் இதே அளவுதான்மா” என்றார் மேஸ்திரி. அவர் ஏமாற்றவில்லை. அவர் கண்ணில் அந்தப் படத்தை யாரும் காட்டவே இல்லை! நாங்கள் கையெழுத்து வாங்கியது கான்ட்ராக்டரிடம். அவர் அதை மடித்து வண்டி டேஷ்போர்டில் வைத்துவிட்டார். கூரை மேல் நின்று வேலை செய்கிறவருக்குத் தெரிந்தது, நேற்று வேறொரு வீட்டில் போட்ட அளவு மட்டும்தான்.

உடனே படத்தைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, மாடிப்படிச் சுவரில் டேப் போட்டு ஒட்டினேன். அதில் எழுத்து குறைவு, எண்கள் அதிகம். 4 அடி, 6 வரிசை, 4 போல்ட். ஒடிசாப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எண் தெரியும். அதற்குப் பிறகு ஒரு தவறும் வரவில்லை. அதில் ஒரு பையன் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் சுவரில் இருந்த படத்தில் பென்சிலால் டிக் போட்டான். கம்பெனிப் பக்கத்தில் வேலை பார்த்துப் பழக்கமோ என்னவோ!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் இடுப்பில் கயிறு இல்லாமல் ஓரத்தில் நின்றார்கள். கீழே இரண்டு மாடி ஆழம். என் வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்தில் ஆறடி ஏணி ஏறுவதற்கும் பெல்ட் கேட்பார்கள். “பெல்ட் போட்டாத்தான் வேலை” என்று அவர் சொல்லிவிட்டார். கான்ட்ராக்டரிடம் பெல்ட் இருந்தது. கோடவுனில் தூங்கிக்கொண்டிருந்தது. அரை நாளில் வந்து சேர்ந்தது. நம் வீட்டு வேலைக்கு வருகிற பிள்ளை முழுசாக வீடு திரும்ப வேண்டும். ஒப்பந்தத்தில் அதையும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

வேலை நடக்கும்போது கவனிக்க இன்னும் சில விஷயங்கள். கலர் ஷீட்டைக் கட்டிங் வீல் வைத்து அறுக்க விடாதீர்கள். தீப்பொறி பட்ட இடமெல்லாம் பூச்சு கருகி, அங்கிருந்து துரு கிளம்பும். தேவையான நீளத்துக்கு வெட்டி வரச் சொல்வதே நல்லது. ஸ்க்ரூ திருகும்போது விழும் இரும்புத் துருவலை அன்றைக்கன்றே பெருக்கிவிட வேண்டும். விட்டால் நான்கே நாளில் புது ஷீட்டில் பழுப்புப் புள்ளிகள் வரும். வாஷர் லேசாக அமுங்கினால் போதும். பிதுங்கினால் ஸ்க்ரூ அதிகம் இறுகிவிட்டது என்று அர்த்தம். வாஷர் ஆடினால் இறுகவில்லை. வெல்டிங் செய்த இணைப்புகளில் பைப்பின் நிறம் மறைய ப்ரைமர் அடித்த பிறகே ஷீட் ஏற வேண்டும். ஏறிவிட்டால் உள்ளே எதுவும் தெரியாது. அதனால் ஷீட் ஏறுவதற்கு முன்பு ஒவ்வோர் அடித்தகட்டையும் ஒவ்வோர் இணைப்பையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

“நம்ம வீட்டுக்கு இவ்வளவு வேணுமா?”

உறவுக்காரர்கள் கேட்டார்கள். “ஒரு ஷீட் போட இவ்வளவு ஆர்ப்பாட்டமா?”

2014 ஜூன் 28-ம் தேதி மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வேலைக்கு வந்த தொழிலாளர்கள். அப்போது அது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். விசாரணை ஆணையம் அமைந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-ம் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள். பதினோரு மாடியும் ஒற்றை ஷீட்டும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால், இரண்டுக்கும் ஒரே கேள்விதான்: தாளில் எழுதியதும் தரையில் நிற்பதும் ஒன்றுதானா? அந்தக் கேள்வியை விழுவதற்கு முன்னால் யாராவது கேட்க வேண்டும்.

பேசித் தீராவிட்டால்? சட்டம் நம் பக்கம் இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே, லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் சொல்லிவிட்டது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் கேட்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால், அங்கே போனால் முதல் கேள்வி, “என்ன எழுதிக் கொடுத்தார்கள்? பில் எங்கே?” என்பதாகத்தான் இருக்கும். தாளும் பில்லும் போட்டோவும் இல்லாமல் நியாயம் மட்டும் இருந்தால் போதாது.

எங்களுக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் பக்கமும் காற்றும் மழையும்தான். மாடிப் பிள்ளைகள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டபோது என் நெஞ்சு திக்கென்றது. “ஆன்ட்டி, பயப்படாதீங்க. சத்தம் இருக்கு, ஆட்டம் இல்ல. ஒரு இடத்துல மட்டும் சொட்டுது” என்றார்கள்.

மழை விட்டதும் கான்ட்ராக்டர் தம்பி தானே வந்தார். ஒரு ஸ்க்ரூ சாய்வாக இறங்கியிருந்தது. கழற்றி, வாஷர் மாற்றி, நேராகத் திருகினார். அடுத்த மழையில் சொட்டவில்லை. மீதி 10 சதவிகிதத்தை, பதினைந்தாயிரம் ரூபாயை, அன்றைக்கே கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் பையில் வைக்கப் போனார்.

“எண்ணிப் பாருங்க தம்பி” என்றேன்.

“உங்ககிட்டயாக்கா?” என்று சிரித்தபடியே எண்ணினார்.

இப்போது அவர் வேறு வீடுகளுக்கு ரேட் சொல்லும்போது இரண்டு விலை சொல்கிறாராம். 0.40-க்கு ஒன்று, 0.50-க்கு ஒன்று. எது வேண்டும் என்று வீட்டுக்காரர்களையே கேட்கிறாராம். அடுத்த தெருவில் ஷீட் போட்டவர்கள் வந்து சொன்னார்கள். அவர்களும் பழைய இரும்புக் கடை அண்ணனிடம் தராசு கேட்டுப் போயிருக்கிறார்கள்!